ஏழாம் அத்தியாயம்: சாரல் காலத்துத் தடுமமும் கைக்குழந்தையின் மூக்கடைப்பும்

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாயின் வழியே மேல்காற்று இறங்கத் தொடங்கி, செங்கோட்டையிலிருந்து தென்காசி வரை வெயிலும் சாரலும் மாறி மாறி வந்து போக, குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழுகிறது என்ற செய்தியைக் கேட்டு நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து குவியும் அந்த இரண்டு மூன்று மாதங்கள் ஊருக்கெல்லாம் உற்சாகமான காலமாக இருந்தாலும், வீட்டில் கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு ஒரு தனிக் கவலையையும் கூடவே கொண்டுவந்து சேர்க்கின்றன. "பிள்ளைக்குத் தடுமம் பிடிச்சிருக்கு, ராத்திரி பூரா பால் குடிக்கல" என்ற பேச்சை மேலகரத்திலும் இலஞ்சியிலும் வல்லத்திலும் அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். பெரியவர்கள் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, சுக்குக் காப்பி குடித்து, இரண்டு நாளில் மறந்துவிடக்கூடிய இந்த ஜலதோஷ உபாதை, மூன்று மாதக் குழந்தைக்கு மாத்திரம் ஏன் உறக்கத்தையும் ஆகாரத்தையும் ஒருசேரக் கெடுத்துவிடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், செய்ய வேண்டியது இன்னதென்பது தானாகவே விளங்கிவிடும்.

பிறந்த முதல் சில மாதங்கள் சிசு பெரும்பாலும் நாசியின் வழியாகவே சுவாசிக்கிறது. நாசி அடைபட்டால் வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொள்ளும் பழக்கம் அதற்குப் படிப்படியாகவே கைவருகிறது. துவாரங்களோ மிகச் சிறியவை. பெரியவர்களுக்கு உணர்வில்கூடப் படாத அளவு சளி அங்கே தங்கினாலும் பாதை பாதி அடைந்துபோகும். இந்த நிலையில் தாய் மார்பில் அணைத்துப் பால் கொடுக்கும்போது வாயும் அடைபட்டுவிடுவதால், குழந்தை இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு, மூச்சுக்காகக் காம்பை விட்டுவிட்டு, அழுது, மறுபடி கவ்வி, மறுபடி விட்டுவிடுகிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் உறவினர் "தாய்க்குப் பால் பத்தலை" என்று சொல்ல, அந்தத் தாயும் மனம் ஒடிந்து அவ்வாறே நம்பி, மறுநாள் காலையில் டின் மாவு வாங்க ஆள் அனுப்புவது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிற காரியம். பால் குறைந்ததாக எண்ணிப் புட்டிக்கு மாற்றப்பட்ட எத்தனையோ குழந்தைகளுக்கு உண்மையில் குறைவாயிருந்தது மூச்சுவிடும் வழிதான். ஆகவே கைக்குழந்தையின் ஜலதோஷத்தைக் கவனிக்கிறவர்கள், சளியை அடியோடு போக்கிவிடுவது எப்படி என்று யோசிப்பதைக் காட்டிலும், அடுத்த பால் வேளைக்கு மூக்கைத் திறந்துவைப்பது எப்படி என்று யோசிப்பது உத்தமம். சளி ஒரு வாரம் பத்து நாட்களில் தானே போய்விடும். அதுவரை பால் தடைபடாமல் இருந்தால் போதும்.

சாரலில் நனைந்ததால் தடுமம் வந்தது என்பது இங்கே அனைவரும் சொல்லும் காரணம். ஜலதோஷத்தை உண்டாக்குவது கிருமி. ரைனோவைரஸ் முதலாக இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ் வகைகள் அதைச் செய்யக்கூடியவை. இங்கிலாந்தில் சாலிஸ்பரி என்னும் ஊரில் ஜலதோஷ ஆராய்ச்சிக்கென்றே 1946இல் ஏற்படுத்தப்பட்ட நிலையத்தில், தாமாக முன்வந்தவர்களை வெந்நீரில் குளிக்கச் செய்து, ஈரம் துவட்டாமல் காற்று வீசும் நடையில் நிற்கவைத்துப் பார்த்தார்கள். கிருமி இல்லாமல் குளிரும் ஈரமும் மாத்திரம் அவர்களுக்கு ஜலதோஷத்தை உண்டாக்கிவிடவில்லை. ஆயினும் நம் பெரியவர்கள் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. குளிர்ந்த காற்றால் நாசியின் உட்புறம் குளிரும்போது ரைனோவைரஸ் அங்கே எளிதாகப் பெருகுகிறது என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். சாரல் துணைக் காரணம். மூல காரணம் மனிதனிடமிருந்து மனிதனுக்கு வருவது. சீசன் சமயத்தில் வீடு நிறைய விருந்தினர் தங்குவதும், பேருந்துகளில் நெருக்கியடித்து ஏறுவதும், வந்தவர்கள் எல்லாரும் ஆசையோடு குழந்தையை வாங்கி முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதும், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் மூத்த பிள்ளை மூக்கைத் துடைத்த கையோடு தொட்டிலைத் தொடுவதும் ஆகிய இவையே கிருமி வரும் ராஜபாட்டை. ஜன்னலைச் சாத்திக் குழந்தையை இருட்டறையில் வைப்பதைவிட, குழந்தையைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வதும், தடுமம் பிடித்த விருந்தினரைச் சற்று எட்ட நின்று பார்க்கச் சொல்வதும் அதிகப் பயன் தரும். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கக்கூடும்; அந்தப் பொறுப்பைத் தாயின் தலையில் ஏற்றாமல் தகப்பன் ஏற்றுக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

குற்றாலத்துக்கு வந்துவிட்டோமே என்று கைக்குழந்தையின் தலையில் அருவித் தண்ணீரைத் தெளித்துக் கொண்டாடுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கம் வேண்டாம். அருவிக்கரையின் நெரிசலும், ஈரத்துணியோடு நெடுநேரம் நிற்பதும், மூக்கில் தண்ணீர் ஏறுவதும் எதுவும் அந்தப் பிராயத்துக்கு ஏற்றதல்ல.

இனி மூக்கைத் திறக்கும் உபாயத்துக்கு வருவோம். உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்தே அது. மருந்துக் கடையில் 'சலைன் நேசல் டிராப்ஸ்' என்று கேட்டால் கொடுப்பார்கள். சோடியம் குளோரைடு 0.65 சதவீதம் அல்லது 0.9 சதவீதம் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். அதைத் தவிர வேறு மருந்துப் பெயர் ஏதும் அதில் இருக்கக்கூடாது. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்ற பெயர்கள் காணப்பட்டால் அது மூக்கடைப்பை உடனே திறக்கும் வேறு வகை மருந்து. கைக்குழந்தைக்கு அது அபாயத்தை விளைவிக்கக்கூடியது ஆகையால், வைத்தியர் தாமே எழுதிக் கொடுத்தாலொழிய அதை வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம். பெரியவர்களின் மூக்குச் சொட்டு மருந்தை 'ஒரு சொட்டுத்தானே' என்று குழந்தைக்கு விடுவது கூடவே கூடாது.

பால் கொடுப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்கு முன்பு இதைச் செய்ய வேண்டும். சொட்டு மருந்துக் குப்பியை முதலில் உள்ளங்கையில் மூடிக் கொஞ்ச நேரம் வைத்திருங்கள்; சில்லென்ற சொட்டு மூக்கில் விழுந்தால் குழந்தை திடுக்கிட்டு உதறும். கையைச் சோப்பால் கழுவி, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைத் தொடைகளின்மேல் மல்லாக்கப் படுக்கவைத்து, கைகள் இரண்டும் உள்ளே அடங்குமாறு பழைய வேட்டித் துணியால் இளக்கமாகச் சுற்றிக்கொள்ளுங்கள். இடது கையால் பிடரியைத் தாங்கித் தலையைச் சற்றே பின்புறம் சாயவிட்டு, வலது கையில் குப்பியைப் பிடித்து, அதன் நுனி மூக்கில் படாமல், ஒரு துவாரத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு வீதம் விடுங்கள். குழந்தை முகத்தைச் சுளிக்கும், தும்மும், சில சமயம் கொஞ்சம் அழவும் செய்யும்; தும்மினால் நல்லது, பாதி வேலை முடிந்தது. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் உலர்ந்து பக்கு கட்டியிருக்கும் சளி ஊறி இளகும். பிறகு குழந்தையைத் தோளில் நிமிர்த்தி, துவாரத்தின் வாயிலில் வந்து நிற்பதை மாத்திரம் நனைத்த மெல்லிய துணியின் ஓரத்தால் துடைத்தெடுங்கள். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டுக் குடைய வேண்டாம். உள்ளிருக்கும் தோல் மிக மிருதுவானது, கீறினால் ரத்தம் கசிவதோடு வீக்கமும் உண்டாகி அடைப்பு அதிகமாகும்.

இவ்வளவில் வழி திறக்காதபோது ரப்பர்ப் பல்பு பொருத்திய நேசல் ஆஸ்பிரேட்டரை உபயோகிக்கலாம். பல்பை வெளியிலேயே அமுக்கிக் காற்றைப் போக்கிக்கொண்டு, அமுக்கியபடியே நுனியைத் துவாரத்தின் வாயிலில் மெல்ல வைத்து, அதன்பின்தான் பிடியைத் தளர்த்த வேண்டும். உள்ளே வைத்துவிட்டு அமுக்கினால் சளியை உள்ளே தள்ளியதாகும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைகளுக்கு மேல் உறிஞ்சி எடுத்தால் நாசி வீங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அதைச் சோப்பு நீரில் அலசி உலரவைக்க வேண்டும். குழந்தையின் மூக்கில் வாயை வைத்து உறிஞ்சித் துப்பும் பழைய வழக்கம் அன்பின் மிகுதியால் வந்ததே என்றாலும், பெரியவர் வாயிலுள்ள கிருமிகளைக் குழந்தையின் நாசிக்குக் கொண்டுசெல்வதால் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

நள்ளிரவில் கடை இல்லாத கிராமத்தில் என்ன செய்வது என்று கேட்கலாம். கால் லிட்டர் தண்ணீரை ஐந்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவைத்து, தலைதட்டிய அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகத் தூள் உப்பைக் கரைத்து, மூடி வைத்து ஆறவிட்டு, வெந்நீரில் கொதித்த சுத்தமான சொட்டுக் குழலால் விடலாம். மிச்சத்தை அன்றே கொட்டிவிட வேண்டும். கொதிக்கவைக்காத கிணற்று நீரோ, சிற்றாற்று நீரோ, அருவி நீரோ குழந்தையின் மூக்கில் புகக்கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024இலும் 2025இலும் பலரைப் பாதித்த அமீபா மூளைக்காய்ச்சல் நாசியின் வழியாகவே மூளையை அடைவது. மிக அபூர்வமான வியாதிதான். கொதிக்கவைக்கும் சிரமமோ அதைவிடச் சிறியது.

மூக்குத் திறந்தவுடன் பால். குழந்தையின் தலை உயர்ந்திருக்கும்படி சற்று நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரேயடியாக வயிறு நிறைய வேண்டும் என்று எண்ணாமல், வழக்கத்தைவிடக் குறைந்த நேரமும் அதிகத் தடவையுமாகக் கொடுங்கள். குழந்தை காம்பை விட்டால் கட்டாயப்படுத்தாமல், நிமிர்த்தித் தோளில் போட்டு மூச்சு வாங்கவிட்டு மறுபடி கொடுக்கலாம். தாய்க்கும் தடுமம் பிடித்திருந்தால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டுமோ என்ற சந்தேகம் எழும். நிறுத்தவே கூடாது, தாயின் உடம்பு அந்தக் கிருமிக்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தி பாலின் வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு கொடுத்தால் போதும். மார்பில் குடிக்க முடியாத அளவு அடைப்பு இருக்கும் வேளைக்குப் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையால் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஆனால் சங்கிலோ பாலாடையிலோ நிரப்பி, குழந்தையைப் படுக்கவைத்து, அழ அழ ஊற்றிப் புகட்டுவது மூக்கடைத்த குழந்தைக்கு ஆபத்து, ஏனெனில் வாயால் மூச்சு இழுக்கும் அதே கணத்தில் பாலும் சுவாசக் குழாய்க்குள் போய்விடும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வெந்நீரோ கஷாயமோ தேவையில்லை.

உறக்கத்தைப் பற்றி ஒரு விஷயம். நம் வீடுகளில் விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில்தான் பிள்ளை தூங்கும். மற்ற நாட்களில் சுகமாயிருக்கும் அந்தத் தொட்டில், உடம்பை வளைத்து மோவாயை நெஞ்சோடு சேர்த்துவிடுவதால், மூக்கடைத்த நாட்களில் இருக்கிற மூச்சு வழியையும் இடுக்கமாக்குகிறது. அந்தச் சில இரவுகளுக்குத் தாயின் பார்வையில், சமமான உறுதியான பாயில் மல்லாக்கப் படுக்கவைப்பதே நல்லது. தலைக்கு உயரம் வேண்டுமென்று தலையணையையோ மடித்த போர்வையையோ வைக்க வேண்டாம். கழுத்து மடங்கும், முகம் புதையும். பால் குடித்தபின் இருபது முப்பது நிமிஷம் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு உலாவினால், உயரம் வைத்ததன் பலன் எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். அழுகிற குழந்தைக்கு அதைக் காட்டிலும் ஆறுதல் வேறில்லை. கம்பளிக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டரும் மாட்டி வேர்க்கவிடுவதும் தவறு. நாம் உடுத்துவதைவிட ஒரு சுற்றுத் துணி அதிகம், அவ்வளவே.

குளிப்பாட்டும் விஷயந்தான் வீட்டில் பெரிய வாதமாக மூளும். வாரம் இருமுறை எண்ணெய் தேய்த்து, காலை நீட்டி அதில் குழந்தையைக் கிடத்தி, வெந்நீர் ஊற்றிக் கை கால் நீவிக் குளிப்பாட்டும் ஆச்சிகளின் கை வாகு லேசில் வந்துவிடுவதல்ல; அந்தக் கையின் கீழ் குழந்தை அடுத்த அரைமணிக்குள் ஆழ்ந்து உறங்கிப்போவதைப் பார்த்தவர்கள் அதை இகழ மாட்டார்கள். ஆனால் அந்தக் குளிப்பாட்டலோடு சேர்ந்தே, மூக்கிலும் காதிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது, தொண்டையில் விரலை விட்டுச் சளியை வழித்தெடுப்பது என்ற மூன்று காரியங்களும் வழங்கிவருகின்றன. இம்மூன்றும் அறவே ஒழிய வேண்டியவை. மூக்கில் விட்ட எண்ணெய், நீரைப் போல இருமலைக் கிளப்பாமல், சத்தமின்றி நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும்; உடம்பால் அதைக் கரைத்து வெளியேற்ற முடியாமல் அந்த இடத்தில் அழற்சி கண்டு, ஒருவகை நிமோனியா உண்டாகும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணப்பட்ட இந்த எண்ணெய் நிமோனியாவைப் பற்றி 1973ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற புகழ்பெற்ற வைத்தியப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளிவந்திருக்கிறது. அரை நூற்றாண்டு கழிந்தும் பழக்கம் போகவில்லை. தொண்டையில் விரல் விடுவதால் அண்ணம் கிழிவதும், நகத்தின் அழுக்கு உள்ளே போவதும் தனி.

இதை ஆச்சியிடம் எப்படிச் சொல்வது என்பதே மருமகளின் கஷ்டம். "நீங்க செய்றது தப்பு" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துபோகும். "ஆச்சி, உங்க கைபட்டாதான் பிள்ளை உறங்குது. கை கால் நல்லாப் பிடிச்சு விடுங்க, மூக்குல மட்டும் எண்ணெய் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று சொன்னால், அநேகமாக இசைந்துவிடுவார்கள், குழந்தையின் மேல் அவர்களுக்கு இருக்கும் வாஞ்சை யாருக்கும் குறைந்ததல்ல. தடுமம் கடுமையாயிருக்கும் இரண்டு மூன்று நாட்களுக்குத் தலைக்கு ஊற்றாமல், வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டு, உடனே உலர்த்தி உடுத்திவிடலாம்.

தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சிலும் முதுகிலும் தடவுவது தமிழ்நாடெங்கும் உள்ள கை வைத்தியம். சூடம் தோலின் வழியே உள்ளே இறங்கக்கூடிய பொருள். குழந்தை அதைக் கையால் தொட்டு வாயில் வைத்துச் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். கடையில் விற்கும் தைலங்களிலும் சூடம், புதினா உப்பு, யூகலிப்டஸ் தைலம் முதலியன சேர்ந்திருக்கின்றன. அவற்றின் நெடி சின்னஞ்சிறு குழந்தையின் மூச்சுக் குழலைச் சட்டென்று இறுக்கிவிடலாம். இரண்டு வயது நிறையும்வரை நெஞ்சிலோ மூக்கின் கீழோ பாதத்திலோ இவை எதையும் பூச வேண்டாம். கதகதப்புத்தான் நோக்கமென்றால் தாயின் மார்போடு அணைத்துக்கொள்வதே போதும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு இதமானது. கொதிக்கும் பாத்திரத்தின் அருகே குழந்தையைக் கொண்டுபோனால் கொதிநீர் கொட்டிப் பெருந்தீங்கு நேரும் என்பதால் அதை நினைக்கவே வேண்டாம்.

தேனைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தேனருவி என்று ஓர் அருவிக்கே பெயர் வழங்கும் மலையடிவாரத்தில், மலைத்தேன் எளிதில் கிடைப்பதும், அதில் துளசிச் சாறோ ஓமவல்லிச் சாறோ குழைத்து நாக்கில் தடவுவதும் இயல்பாகப் போய்விட்டன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் விஷமாகக்கூடும். தேனில் தங்கியிருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்து, முதிராத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளர்த்தி, மூச்சையே நிறுத்திவிடும் பாட்டுலிசம் என்ற நோயைத் தரும். தேன் சுத்தமானதா, கலப்படமா என்ற ஆராய்ச்சிக்கு இங்கே இடமில்லை. சுத்தமான தேனிலும் அந்த வித்து இருக்கலாம். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதற்கும் ஆறு மாதத்துக்குள் அவசியமில்லை. பெரியவர்கள் மனம் வருந்துவார்களென்றால், வசம்பை நூலில் கோத்துக் கையில் கட்டும் வழக்கம் இருக்கவே இருக்கிறது. அதையும் குழந்தை வாயில் வைத்துக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி நூல்கள் பொதுவாக இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன. தென்காசிப் பக்கத்துக்கு அது போதாது. பீடி சுற்றுவது கடையநல்லூரிலும் பாவூர்சத்திரத்திலும் ஆலங்குளத்திலும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஜீவனோபாயம். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் தூளை வைத்து உருட்டி நூல் கட்டும் தாயின் அருகிலேயே, அவள் காலால் ஆட்டும்படியாகத் தொட்டிலும் தொங்கும். வேலை நடக்கும்போது கண்ணுக்குத் தெரியாத புகையிலைத் தூசி அறையெல்லாம் மிதந்து, குழந்தையின் நாசியை உறுத்தி, இல்லாத தடுமத்தையும் உண்டாக்கி, இருக்கும் தடுமத்தை நீடிக்கவைக்கிறது. வேலையை விட்டுவிடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்கோ வாசலுக்கோ போய் உட்காரலாம். தொட்டிலை உள்ளறைக்கு மாற்றலாம். தூள் பையை மூடி வெளியே வைக்கலாம். பால் கொடுக்குமுன் கையை முழங்கை வரை சோப்பால் கழுவி, மேல்துணியையும் மாற்றிக்கொள்ளலாம். இவ்வளவு செய்தாலே ஒரு மாதத்துக்குள் வித்தியாசம் தெரியும் என்று நம்புகிறேன். விறகடுப்புப் புகை, கொசுவத்திச் சுருள், வீட்டுக்குள் பிடிக்கும் பீடி சிகரெட், தலைக்கு ஊற்றியபின் போடும் சாம்பிராணி ஆகிய எல்லாப் புகையும் ஒரே ஜாதிதான். சாம்பிராணியின் வாசனையை விட மனமில்லாதவர்கள் குழந்தை இல்லாத அறையில் போட்டுக்கொள்ளட்டும். கொசுவுக்கு வலையே சிறந்தது.

மருந்துக்கடையில் போய் "பிள்ளைக்குச் சளிக்கு ஒரு சிரப் கொடுங்க" என்று கேட்டு வாங்கும் வழக்கத்தைப் பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டத்தில், சாதாரணச் சளி இருமலுக்குக் கொடுத்த ஓர் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்ததால், சிறுநீரகம் பழுதுபட்டு இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டுபோனார்கள். அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதையொட்டி அக்டோபர் மாதத்தில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்று அறிவுறுத்தியது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஆணை பிறப்பித்திருந்தார். நஞ்சு கலவாத சிரப்பாலும் கைக்குழந்தையின் ஜலதோஷம் ஒரு நாள்கூட முன்னதாகக் குணமாவதில்லை. மயக்கமும் படபடப்பும் உண்டாவதே மிச்சம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டால் ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கை; வைரஸால் வந்த சளியும் நான்கைந்து நாளில் நிறம் மாறத்தான் செய்யும். ஜுரத்துக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலுக்கு அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது; அதைவிட முக்கியம், சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் உடையவை அல்ல. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். வழக்கமான சிரப்பில் ஐந்து மில்லி எடுத்தால்தான் 120 மில்லிகிராம் வரும். சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். குப்பியை டாக்டரிடம் காட்டி, அளவை அதன் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது வீட்டு உபசாரத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும் என்பதைத் தாய் மட்டுமின்றி வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டால், வேறு எந்த அறிகுறிக்காகவும் காத்திராமல் அந்த நேரமே காட்ட வேண்டும். விடியட்டும் என்று இருந்துவிடக்கூடாது. அடுத்தது மூச்சை எண்ணிப் பார்ப்பது. குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாய்ப் படுத்திருக்கும் சமயத்தில் சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஒருமுறை எழும்பி அடங்குவதை ஒன்றென்று வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுங்கள். கைக்குழந்தையின் மூச்சு சற்று வேகமாகவும் சற்று நிதானமாகவும் மாறி மாறி ஓடுவது ஆகையால், கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தப்பும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60ம் அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50ம் அதற்கு மேலும் வந்தால் அது வேக மூச்சு. சின்னக் குழந்தைக்கு 60 வந்தால் மறுபடியும் ஒருமுறை எண்ணி உறுதி செய்துகொள்ளலாம். எண்ணும்போதே விலாவின் அடிப்புறத்தைக் கவனியுங்கள்: மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்து போனால், எண்ணிக்கை எவ்வளவாயிருந்தாலும் நிமோனியாவோ நுரையீரலின் நுண்குழல் அழற்சியோ தொடங்கியிருக்கக்கூடும். ஒவ்வொரு மூச்சிலும் முனகல், இழுப்பு, உதடும் நாக்கும் நீலம் பாய்தல், பாலை அடியோடு மறுத்தல், குடித்ததையெல்லாம் கக்கிவிடுதல், எழுப்பினாலும் கண் திறவாமல் துவண்டு கிடத்தல், வலிப்பு, ஆறு மணி நேரமாகியும் துணி நனையாதிருத்தல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் 108ஐ அழையுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கிவரும் அந்த ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. செங்கோட்டையிலும் கடையநல்லூரிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, தென்காசியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்ப நேர்ந்தால் பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போகும் வழியில் 'தொக்கம் எடுக்கிறவர்', 'சீர் தட்டுகிறவர்' என்று நாட்டு வைத்தியம் செய்யும் ஒருவர் வீட்டில் நின்றுவிட்டுப் போகலாம் என்ற யோசனை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், கடைசியாக எப்போது பால் குடித்தது, எத்தனை முறை துணி நனைந்தது, எண்ணியபோது மூச்சு எத்தனை என்ற மூன்றையும் சொன்னால் அவர் வேலை பாதி எளிதாகும்.

அபாய அறிகுறி எதுவும் இல்லாத சாதாரணத் தடுமம் மூன்றாம் நாள்வரை ஏறி, பிறகு இறங்கத் தொடங்கும். மூக்கு உலர்ந்த பின்னும் இருமல் இரண்டு வாரம் வரை தொடரலாம். குழந்தை பால் குடித்துச் சிரித்து விளையாடுகிறவரை அதற்காகக் கலங்க வேண்டாம். முதல் வருஷத்தில் ஆறு எட்டுத் தடவை தடுமம் பிடிப்பது சகஜம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொண்டால், ஐப்பசி மழையில் அது மறுபடி வரும்போது மனம் தளராது.

இதற்கிடையே தடுப்பூசி நாள் வந்துவிட்டால், தடுமம் பிடித்திருக்கிறது என்று ஒத்திப்போடும் பழக்கம் அநேகரிடம் இருக்கிறது. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியும், ஆறாம் வாரத்திலும் பதினான்காம் வாரத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் போடும் நிமோகாக்கல் தடுப்பூசியும், தடுமத்தைத் தொடர்ந்து வரக்கூடிய நிமோனியாவின் முக்கியமான இரு கிருமிகளிடமிருந்தே குழந்தையைக் காக்கின்றன. லேசான மூக்கொழுகலோ இருமலோ ஊசிக்குத் தடையல்ல. புதன்கிழமை வந்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போய், பிள்ளைக்குத் தடுமம் இருக்கிறது என்று நர்சம்மாவிடம் சொல்லுங்கள். அவர் குழந்தையைப் பார்த்து, ஜுரம் கடுமையாக இருந்தால் மாத்திரம் டாக்டரிடம் அனுப்புவார், இல்லையேல் அன்றே போட்டுவிடுவார்.